நாரையும் நிபந்தனையும்

சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாடலை வறுமையின் புலம்பலாகவே நம் வகுப்பறைகள் கற்பித்து வந்துள்ளன. அலகுக்குப் பனங்கிழங்கை உவமித்த நயத்தைப் பாராட்டியதும் உரைகாரர் ஓய்ந்துவிடுவர். புதுக்குடியிருப்பை அடுத்த நந்திக்கடலில் மாரிதோறும் இறங்கும் வலசைப் பறவைகளைக் கண்டவர்க்கு இவ்வாசிப்புப் போதாது. குமரியாடிய நாரையும் பெடையும் வடக்கே மீள்வராயின் என்றே புலவர் தூதைத் தொடங்குகிறார். அந்நிபந்தனையை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அதன் கனத்தை வட அமெரிக்க முயற்சியொன்று உணர்த்தும். ஹூப்பிங் கிரேன் எனும் பெருங்கொக்கு (நாரையினின்றும் வேறான இனம்) 1941இல் இருபதுக்குச் சற்றே மேற்பட்ட எண்ணிக்கைக்குக் குறுகிற்று. பின்னாளிற் காப்பகத்திற் பொரித்த குஞ்சுகளுக்கு வழிகாட்ட மூத்த பறவைகள் இல்லை. ஆகவே 2001 முதல், வெள்ளாடையுள் முகம் மறைத்த மனிதர் சிறு விமானங்களில் முன்பறந்து, விஸ்கொன்சினிலிருந்து புளோரிடாவுக்கு அவற்றை அழைத்துச் சென்றனர். வசந்தத்தில் அவை தாமாகவே வடக்கே மீண்டன! ஆயினும் முட்டையிட்டபின் குஞ்சு பேணுவதிற் பெரிதும் தவறின. மனிதத் தலையீடு மிகுந்ததெனக் கருதி, 2016இல் விமான வழிகாட்டல் கைவிடப்பட்டது.

பெடையைப் புலவர் உடன் விளித்தது வெறும் அலங்காரமன்று. வழியறிவு தனிப் பறவையிடமன்றிக் குடும்பத்திடமே தங்குகிறது. மனைவியைப் பிரிந்தவனே அதனைக் காண்கிறான். 2009இல் ஊரகன்று, ஆண்டுகள் கழித்து மூத்தோர் பலரின்றி மீண்ட புதுக்குடியிருப்பாரின் பிள்ளைகளுக்கு, இப்பாடலைப் பனங்கிழங்கிலிருந்து தொடங்காது அந்நிபந்தனையிலிருந்தே கற்பித்தல் வேண்டும்.