பெட்டியைக் காத்தவரே ஆட்ட நாயகி

2021 ஜனவரியில் ஓசூர் பாகலூர் சாலையில், நகைக்கடன் கிளை ஒன்றில் துப்பாக்கியைக் காட்டி சுமார் 25 கிலோ நகையை அள்ளிப்போன கும்பல், மறுநாளே ஐதராபாத் பக்கம் சிக்கியது. நகைப் பையோடு போன ஜிபிஎஸ் கருவி காட்டிக்கொடுத்துவிட்டது. ஊழியர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற சம்பவம். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

திரையில் திருட்டு சிரிப்பாக வேண்டுமானால், திருடத் தெரியாதவன் திருட வேண்டும். 1951இல் வந்த பிரிட்டிஷ் படமான ‘தி லாவெண்டர் ஹில் மாப்’பில் தங்கத்துக்குக் காவல் போகும் சாதுவான வங்கி குமாஸ்தாதான் திருடன். அலெக் கின்னஸ் நடித்தது. தங்கத்தை உருக்கி ஈபிள் கோபுர பொம்மைகளாக வார்த்துக் கடத்துவார்.

நம் ஆட்டம், சித்ராலயா கோபு இயக்கிய ஏவிஎம்மின் ‘காசேதான் கடவுளடா’ (1972). நாயகனின் மாற்றாந்தாயுடைய இரும்புப் பெட்டியில் கறுப்புப் பணம். அதை அடிக்க, டீக்கடைக்காரரைச் சாமியாராக்கி வீட்டுக்குள் இறக்குகிறார்கள். அந்த டீக்கடைக்காரராக வரும் தேங்காய் சீனிவாசனுக்கு இரட்டை வேலை: நடிக்கத் தெரியாதவனாக நடிக்க வேண்டும். காவிக்குள்ளிருந்து மெட்ராஸ் பாஷை எட்டிப்பார்க்கிற இடங்களில் அளவு தப்பினால் வெறும் கூத்தாகிவிடும். மனிதர் தப்பவே விடவில்லை. முத்துராமன் பெருந்தன்மையான கதாநாயகர். சிரிப்பைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட்டு, முழிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

கைதட்டல் முழுவதும் தேங்காய்க்கே போனது. என் ஓட்டு மனோரமாவுக்கு. கிருஷ்ணகிரி பக்கம் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: பிடிக்கிற ஆள் சொத்தையாக இருந்தால் பாடிப் போகிறவனின் ஆட்டம் எடுபடாது. அந்த மாற்றாந்தாய் பார்வதமாக வரும் மனோரமா கொஞ்சம் அசடாக இருந்திருந்தாலும் பெட்டி அரை மணியில் திறந்திருக்கும், படமும் முடிந்திருக்கும். சாமியாரிடம் பக்தியாகக் குழைகிற அதே ஆள், சாவி என்றால் விறைத்துக்கொள்கிறார். இவர் ஏமாறுவாரா மாட்டாரா என்ற சந்தேகத்தில்தான் மற்றவர்களின் தில்லுமுல்லு எல்லாம் ஓடுகிறது. முத்துராமன் பிறந்தது 1929, மனோரமா 1937. எட்டு வயது மூத்தவருக்குச் சித்தியாக நின்று அதட்டுகிறார். வயது வித்தியாசம் நமக்கு உறைப்பதேயில்லை.

பின்பாதியில் பாட்டும் காதலும் வந்து வேகம் கொஞ்சம் தளர்கிறது. அங்கேயும் மனோரமா உள்ளே நுழைந்தால் போதும், திருடர் அணிக்கு மறுபடி வியர்க்க ஆரம்பித்துவிடுகிறது.