பிள்ளை வாயில் வந்ததா? – கரிசல் சீமையில் ஆங்கிலம் கற்பித்த வழிகள்

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரை வீட்டில் உட்கார்ந்து இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தான். பாடம் படிக்காமல் போனதற்குத் தண்டனையாக, பெயினின் ஆங்கில இலக்கணத்தில் ஒரு பகுதியை மூன்று முறை எழுத வேண்டும். இரண்டு முறை எழுதினான். மூன்றாவது முறைக்கு மனம் ஒப்பவில்லை. நோட்டை ஓரம் வைத்துவிட்டு அன்றே புறப்பட்டுத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான்; ரமண மகரிஷி ஆனான். அமெரிக்கன் மிஷன் பள்ளி ஆங்கில வகுப்புக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதை அடியார்கள் தீர்மானிக்கட்டும். நம் தாலுகாவில் ஆங்கிலம் கற்பித்த வரலாற்றை எழுதச் சொன்னால், அது இம்போசிஷனில்தான் தொடங்குகிறது என்பதை மட்டும் மறைக்க முடியாது.

அந்த முதல் வழி, இலக்கண வழி, நம் ஆசிரியர் சங்க உறுப்பினர்கள் எல்லோரும் அறிந்தது. பெயினுக்குப் பின் நெஸ்ஃபீல்டு, அவருக்குப் பின் ரென் அண்ட் மார்ட்டின். வாக்கியத்தைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை கேட்பது, செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்குவது, தமிழில் பொருள் சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பது. இன்று எல்லோரும் இதை இகழ்கிறார்கள். ஆனால் சங்கத்து மூத்தவர்களில் பலர் இந்த வழியில் படித்து வந்தவர்கள்தான். அவர்கள் எழுதும் விடுப்பு விண்ணப்பத்தில்கூட ஒரு பிழை காட்ட முடியாது. குறை எழுத்தில் இல்லை, பேச்சில்தான். அருப்புக்கோட்டைப் பையன் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவான், மதுரை ஜங்ஷனில் ஆங்கிலத்தில் வழி கேட்கத் திணறுவான்.

டாக்காவில் மைக்கேல் வெஸ்ட் நடத்திய வாசிப்பு வழி வேறொன்று. எண்ணி எடுத்த சொற்களைக் கொண்டு கதைப் புத்தகம் எழுதி, பிள்ளைகளைத் தாமாகப் படிக்க வைத்தார். நல்ல வழிதான். ஆனால் அதற்கு நூலகம் வேண்டும். நம் பக்கத்துப் பள்ளிகளில் நூலகம் என்பது பூட்டிய பீரோ. ஆகவே அதைக் கடந்து போகலாம்.

அடுத்து வந்ததுதான் நம் வழி. சென்னை மாநிலத்தில் 1950களில், வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பழக்கும் ஸ்ட்ரக்சுரல் பாடத்திட்டம் வந்தது. 1958-இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கியது. 1959-இல் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு மெட்ராஸ் ஆங்கிலப் பயிற்சி இயக்கம் புறப்பட்டது. பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைத் தொடங்கிவைக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பது அதன் இலக்கு. முதலில் சிலர் பயிற்சி பெறுவார்கள், அவர்கள் இன்னும் பலருக்குக் கொடுப்பார்கள், அந்தப் பலர் மேலும் பலருக்கு. உருளும் பனிப்பந்து என்று அதற்குப் பெயர். அந்தப் பந்து மதுரை தாண்டும்போதே நம் வெயிலில் உருகிவிட்டது என்று கேலி செய்வோர் இன்றும் உண்டு. உருகாமல் வந்து சேர்ந்த ஒரு துண்டையாவது இக்கட்டுரையாளர் அறிவார்.

அந்தத் துண்டு பெரிய சார். அவர் யாரென்று சங்கத்தில் சொல்ல வேண்டியதில்லை. பெயர் போட்டு எழுதுவதை அவர் என்றுமே விரும்பியதில்லை. வாலிப வயதில் அந்த இயக்கத்தில் பயிற்சி பெற்றவர். இக்கட்டுரையாளர் உட்பட இந்தத் தாலுகாவின் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் அவர் வகுப்பின் பின் பெஞ்சில் உட்கார்ந்துதான் தொழில் கற்றார்கள். மேஜை மேல் பருத்திக்காய், சோளக்கதிர், மிளகாய் வற்றல் இருக்கும். ஒரு வற்றலை எடுத்து "திஸ் இஸ் எ சில்லி" என்பார். ஒரு பிடி அள்ளி "தீஸ் ஆர் சில்லீஸ்" என்பார். முதலில் அவர் மட்டும் சொல்வார், பிள்ளைகள் கேட்பார்கள். பிறகு வகுப்பு முழுவதும் சொல்லும், பிறகு ஒரு வரிசை, கடைசியில் தனியாக ஒரு பிள்ளை. தறி ஓடும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய பெரிய குரல். கோரஸ் டிரில்லுக்கு அவர்களைத்தான் முன்னால் நிறுத்துவார். கூச்சப்படும் கிராமத்துப் பிள்ளைகள் அந்தக் குரலின் நிழலில் வாய் திறந்தார்கள்.

படம் வேண்டுமென்றால் சிவகாசிதான். அச்சகங்களில் கழித்துப் போட்ட காலண்டர் தாள்களை மூட்டையாக வாங்கி வருவார். மாடு, ரயில், அரசமரம், நடிகர் என்று எல்லாமே ஃபிளாஷ் கார்டு. சொற்களை மாற்றி மாற்றிப் பொருத்தும் சப்ஸ்டிடியூஷன் டேபிளைக் கரும்பலகையில் கோடு பிசகாமல் போடுவார்; அந்தப் பெட்டிக்குள்ளிருந்து பிள்ளைகள் நூறு வாக்கியம் எடுப்பார்கள். தப்பாகச் சொன்ன பிள்ளையைத் "தப்பு" என்று சொன்னதே இல்லை. சரியான வாக்கியத்தைத் தானே ஒருமுறை சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். பாடம் முடிந்ததும், நடத்திய இளம் ஆசிரியரைப் பார்த்து அவர் கேட்பது ஒரே கேள்வி: "பிள்ளை வாயில வந்துச்சா?" ஆசிரியர் எவ்வளவு அழகாகப் பேசினார், எத்தனை படம் காட்டினார் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை.

இந்த வழியின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கோரஸில் முழங்கிய வாக்கியம் பஸ் ஸ்டாண்டில் உதவாது. மிளகாயைக் காட்டி "இது மிளகாய்" என்று யாரும் யாரிடமும் சொல்லப் போவதில்லை. இந்த இடத்தில் கை வைத்தவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் வேறொன்றைச் செய்து பார்த்தார். ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து யோசிக்க வைத்தார். யோசிக்கும்போது மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாக முடித்தால் பாடம் வெற்றி என்று அளவுகோலும் வைத்தார். 1987-இல் புத்தகமாக வந்த இந்த முயற்சியை உலகமே படித்தது. நம் பக்கத்தில் ரயில் அட்டவணைக்குப் பதில் பஸ் அட்டவணை போதும். பந்தல்குடிப் பிள்ளை காலை பத்து மணிக்கு மதுரை பெரியாஸ்பத்திரியில் இருக்க வேண்டுமென்றால் எந்த பஸ் பிடிக்க வேண்டும், அருப்புக்கோட்டையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டாலே ஒரு பீரியட் ஓடிவிடும்.

பிரபுவைப் பற்றி இன்றைய பயிற்சிகளில் விடுபடும் ஒன்று உண்டு: அவர் குழுச் செயல்பாட்டை நம்பியவர் அல்லர். பிள்ளைகள் ஒருவர் பிழையை ஒருவர் வாங்கிக்கொள்வார்கள் என்று அஞ்சினார். ஆசிரியர் வகுப்பு முழுவதையும் கேள்வி கேட்டுத் தயார் செய்வார். பிறகு பிள்ளை தனியாகச் செய்யும். பெரிய சார் இதைக் கேள்விப்பட்டபோது, "நம்ம ஆளுதான்" என்றார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பத்மஸ்ரீ எஸ். நடராஜன் 1974-இல் இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கினார். பாளையம்பட்டியில் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் முன்னின்று தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலமெங்கும் பரவியது: ஏணிப்படி, அட்டைகள், சுவரடியில் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம். அதில் பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள். ஒவ்வொன்றிலும் நல்லது இருக்கிறது. இவற்றை வகுத்தவர்கள் மீது நமக்கு மரியாதை உண்டு.

இனிச் சொல்வது யாரையும் மனதில் வைத்துச் சொல்வதன்று. இன்றைய இளையவர்களில் பெரிய சாரையே மிஞ்சக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மற்றபடி, இன்றைய பயிற்சி எப்படி நடக்கிறது? ஒரு கூடம். ஒரு புரொஜக்டர். காலையில் பலூன் ஊதும் விளையாட்டு. பிறகு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும். ஆசிரியர்கள் குழுவாகப் படம் வரைகிறார்கள். குழுத் தலைவர் வாசிக்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். போட்டோ வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. சாயங்காலம் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதிக் கையெழுத்து. இவ்வளவுக்கும் நடுவில் ஒரே ஒரு குழந்தை அந்தக் கூடத்துக்குள் வரவில்லை! பயிற்சி கொடுப்பவர் பிள்ளைகள் முன் நின்று ஒரு பாடம் நடத்திக் காட்டுவதில்லை. கேட்டால் நேரமில்லை என்கிறார்கள். டீக்கும் வடைக்கும் நேரம் இருக்கிறது.

வகுப்புக்குள் வந்தாலும் கதை அதுதான். பாட்டு ஓடுகிறது, பிள்ளைகள் ஆடுகின்றன, போன் படம் பிடிக்கிறது. பாட்டு நின்றதும் ஒரு பிள்ளையை எழுப்பி ஒரு வாக்கியம் கேட்டுப் பாருங்கள். பிறகு நோட்ஸ் திறக்கிறது, தமிழில் பொருள் சொல்லப்படுகிறது, நெஸ்ஃபீல்டு காலத்து இம்போசிஷன் திரும்பி வருகிறது. இலக்கணம் மட்டும் வரவில்லை. ஸ்மார்ட் போர்டு வந்ததும் சாக்பீஸ் போயிற்று. சாக்பீஸ் போனதும் கையெழுத்து போயிற்று. கோடு பிசகாமல் ஒரு டேபிள் போடத் தெரிந்தவர்களை இந்தத் தாலுகாவில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். கிறீச்சிடாமல் எழுத சாக்பீஸை எந்த இடத்தில் ஒடிக்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. அதை மறந்த ஊரில் ஆங்கிலம் எங்கே நிற்கும், கணக்குதான் எங்கே நிற்கும், குண்டாற்றில் தண்ணீர்தான் எப்படி வரும்? இது மிகை என்று தோன்றினால், சங்க மலரின் ஆசிரியர் குழு வெட்டிக்கொள்ளட்டும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வரும் ஆண்டு விழாவில் பொன்னாடைகளைக் குறைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். பக்கத்துப் பள்ளியிலிருந்து முப்பது பிள்ளைகள் வரட்டும். உறுப்பினர்களில் ஒருவர் மேடையிலேயே பாடம் நடத்தட்டும். மூத்தவர்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். எந்த வழியில் நடத்தினாலும் சரி. முதல் ஆளாக நிற்க இக்கட்டுரையாளர் தயார். மற்றவர்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுக்கலாம்.