மலைமேல் நின்ற அவலோகிதன்

பயணக் கட்டுரை என்பது நம் பள்ளிகளில் நெடுங்காலமாகப் பயிற்றப்பெற்று வரும் எழுத்து வகை. ஆயினும் அதனைத் திறனாய்வுக்குரிய பொருளாக நாம் கருதுவதில்லை. கவிதைக்கும் சிறுகதைக்கும் கருத்தரங்கு கூட்டுகின்றோம். மாணவன் எழுதிய பயணக் கட்டுரையிலோ ஒற்றுப்பிழைகளைச் சுழித்துவிட்டு, ஓரத்தில் மதிப்பெண் இட்டு, அடுத்த தாளை எடுத்துக்கொள்கின்றோம். அண்மையில் யோங் பெங்கிலிருந்து மாணவர் சிலரைப் பினாங்குக்கு அழைத்துச் சென்று வந்தோம். அவர்கள் எழுதித் தந்த 23 கட்டுரைகளைத் திருத்த அமர்ந்தபோது, இவ்வழக்கத்தின் விளைவு என்ன என்பது எனக்குப் புலனாயிற்று.

நாங்கள் கண்ட இடங்களுள் மாணவர் அனைவரும் எழுதத் தேர்ந்தது ஒன்றே: ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் அமைந்துள்ள கெக் லோக் சி என்னும் பௌத்தக் கோயில். அதன் உச்சித் தளத்தில் நிற்கும் குவான் யின் வெண்கலச் சிலையின் உயரம் 30.2 மீட்டர் என்பதைப் பத்தொன்பது பேர் எழுதியிருந்தனர். அது 2002-இல் நிறைவுற்றது என்பதையும், அதன்மேல் 16 தூண்கள் தாங்கும் மூன்றடுக்குக் கூரை மண்டபம் 2009-இல் எழுந்தது என்பதையும் பலர் குறித்திருந்தனர். 'கண்கொள்ளாக் காட்சி' என்ற தொடர் பதினோரு தாள்களில் வந்திருந்தது. தகவலிற் பிழையில்லை, நடையிலும் பெரும்பிழை இல்லை. ஆயினும் 23 கட்டுரைகளையும் படித்து முடித்தபின், அச்சிலை யாருடையது, அது ஏன் மலைமேல் நிற்கின்றது, அதன்முன் நின்ற தமிழ் மாணவனுக்கு அது என்ன சொல்லிற்று என்பவற்றுள் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை.

இதனை மாணவர் குறை என்று தள்ளிவிட இயலாது. நாம் தந்த மாதிரிக் கட்டுரைகள் அவ்வாறிருந்தன. உயரம், ஆண்டு, வியப்பு, வீடு திரும்பல் என்னும் அச்சில் நாமே அவர்களை வார்த்தோம். திருப்பித் தந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, அது சீனர் கோயில். அதைப் பற்றித் தமிழில் எழுத நமக்கு வேறென்ன இருக்கிறது?"

இவ்வினா நேர்மையானது; விடை கூறக் கடமைப்பட்டவர்கள் தமிழாசிரியர்களாகிய நாமே. அன்று வகுப்பில் அரைகுறையாய்ச் சொன்னதை இங்கு விரித்துரைக்க முயல்கின்றேன்.

குவான் யின் என்பது அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவரின் சீனப் பெயர். அவலோகிதர் தமிழிலக்கண உலகிற்குப் புதியவர் அல்லர். பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் பெயரால் இயற்றப்பெற்ற வீரசோழியம் என்னும் ஐந்திலக்கண நூலின் ஆசிரியர் புத்தமித்திரனார், பௌத்தர். அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதனிடத்தில் என்று அவர் தம் பாயிரத்தில் கூறுகின்றார். சிவபெருமானிடமிருந்தே அகத்தியர் தமிழ் பெற்றார் என்னும் சைவ மரபை மட்டும் பயின்று வந்த நமக்கு இச்செய்தி வியப்பளிக்கும். 1881-இல் சி. வை. தாமோதரம் பிள்ளை பதிப்பித்து வெளியிட்ட நாள்முதல் இந்நூல் நம் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்து வருகின்றது. எனினும் யாப்பிலும் அலங்காரத்திலும் அது வடமொழியைப் பின்பற்றிய திறத்தை ஆராய்ந்தவர் பலர். அதன் பாயிரத்தை ஒரு பயணத்தில் நினைவுகூர்ந்தவர் சிலரேனும் இருந்திருப்பரா என்பது ஐயமே.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். புத்தமித்திரனாரின் கூற்றை வரலாறு எனக் கொள்ளுதல் பிழை. தமிழ் எவ்வாறு பிறந்தது என்பதற்கு அது சான்றாகாது. சைவரின் கூற்றும் ஆகாது. ஒரு சமயத்தார் தம் தெய்வத்தைத் தமிழாசானாக்கிப் பெருமை கொண்டனர். மற்றொரு சமயத்தாரும் அவ்வாறே செய்தனர். ஆனால் அவ்வுரிமைப் போட்டியே நமக்குச் செய்தி. மொழியைத் தம்முடையதாகக் கருதாதவர் அதற்காகப் போட்டியிடார். பதினோராம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த ஒரு பௌத்தருக்கு அவலோகிதன் அயலான் அல்லன். தமிழ் நாவின் முதலாசான். அம்மாணவன் 'சீனர் கோயில்' என்று சொன்ன இடத்தில் நின்றவர் அவரே.

'அவலோகிதர் ஆணாயிற்றே, குவான் யின் பெண்ணுருவாய் இருக்கின்றாரே' என்று கேட்கலாம், மாணவரும் கேட்டனர். இந்தியாவில் ஆணுருவில் வணங்கப்பெற்ற போதிசத்துவர் சீனத்தில் படிப்படியாகப் பெண்ணுருக் கொண்டார். சோங் அரச மரபின் காலத்தில், அதாவது ஏறத்தாழப் புத்தமித்திரனார் தமிழில் எழுதிக்கொண்டிருந்த அதே காலப்பகுதியில், அம்மாற்றம் வலுப்பெற்றது. கருணைக்குத் தாயுருவே பொருத்தம் என்று ஒரு மக்கள் முடிவு செய்தனர் போலும்.

அவர் ஏன் மலைமேல் நிற்கின்றார்? அவலோகிதரின் உறைவிடம் போதலகம் என்னும் மலை என்பது பௌத்த நூல்களின் துணிபு. சீனத்தின் புத்துவோ மலையும் திபெத்தின் லாசா நகரத்துப் போதலா மாளிகையும் அப்பெயரைத் தாங்குவன. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சி வரை வந்த சீனப் பயணி யுவான் சுவாங், தென்னாட்டு மலய மலைக்குக் கிழக்கே போதலகம் உள்ளதாக எழுதியுள்ளார். அப்பகுதிக்கு அவர் நேரிற் சென்றாரா என்பது ஐயத்திற்குரியது. சப்பானிய அறிஞர் சூ இக்கோசாக்கா இக்குறிப்பைக் கொண்டு, போதலகம் என்பது நம் பொதியில் மலையே என்று வாதிட்டார். அகத்தியர் வாழ்ந்ததாக நாம் போற்றும் மலையும், அவலோகிதர் வாழ்வதாகப் பௌத்தர் போற்றும் மலையும் ஒன்றே என்பது அவர் கருத்து. இதனை ஏற்பின், அகத்தியர் அவலோகிதனிடம் தமிழ் கேட்டார் என்ற பாயிரச் செய்தி எந்த மண்ணில் முளைத்தது என்பது தெளிவாகும்.

இக்கோசாக்காவின் இடக்குறிப்பு வாதம் வலுவுடையது என்றே நான் கருதுகின்றேன். ஆனால் 'பொதியில்' என்பதைப் போதி, இல் எனப் பிரித்துப் பௌத்தர் இருக்கை என்று பொருள் காணும் சொல்லாராய்ச்சியை என்னால் அவ்வளவு எளிதில் ஏற்க இயலவில்லை. பொது, இல் எனப் பிரித்து ஊர்மன்றம் எனப் பொருள் கொள்ளுதற்குப் பழந்தமிழில் இடமுண்டு. நெட்டெழுத்துக் குறுகியதற்கும் அவர் தரும் விளக்கம் போதுமானதன்று. இத்தகைய கருத்து மாறுபாட்டை மாணவர்முன் வைத்தால் அவர்கள் சலிப்படைவர் என்று நாம் அஞ்சுகின்றோம். என் வகுப்பில் அன்று மணியடித்தும் எவரும் எழவில்லை.

இனிச் சிலையின் உயரத்திற்கு வருவோம். மாணவர் உயரத்தை எழுதியது தவறன்று. எந்தப் பக்கத்திலிருந்து அளந்தனர் என்பதே கேள்வி. அவலோகிதன் என்னும் சொல்லுக்குக் கீழ்நோக்கிப் பார்ப்பவன் என்று பொருள் கூறுவர். குவான் யின் என்னும் சீனப் பெயரோ, உலகோர் ஓலத்தைக் கண்டறிபவர் என்ற பொருளது. இரண்டு பெயரிலும் உயரத்திற்குப் பயன் ஒன்றுண்டு. மேலே நிற்பது கீழேயுள்ள துயரைக் காண்பதற்காக. கழுத்தை நிமிர்த்தி 30.2 மீட்டரை வியந்தவன் பெயரின் பாதியைக்கூடப் படிக்கவில்லை. அச்சிலையின் கண்கள் தாழ்ந்திருப்பதை ஒரே ஒரு மாணவி எழுதியிருந்தாள். நான் அதனைக் கவனியாது எழுவாய்ப் பிழையைத் திருத்தியிருந்தேன்.

சிற்பம் என்ற வகையில் அதனை நான் முழுமையாகப் புகழ மாட்டேன். 2009-இல் எழுந்த மண்டபம் வெயிலுக்கும் மழைக்கும் காப்பாகலாம். ஆனால் பெருந்தூண்கள் சிலையைச் சூழ்ந்து நிற்பதால், மலைமேல் தனித்து நின்று ஊரை நோக்கும் உருவம் என்ற உணர்வு குறைந்து, கூடத்திற்குள் வைக்கப்பெற்ற பொருள் போன்ற தோற்றம் வந்துவிட்டது. சாய்வு மின்தூக்கியில் ஏறி, நினைவுப் பொருட் கடைகளைக் கடந்து சென்று அதனைக் காணும் ஏற்பாடும் மனத்தை ஒருமுகப்படுத்துவதாயில்லை. இவ்வளாகத்திலேயே கலைநயத்தால் என்னை நிறுத்தியது 1930-இல் நிறைவுற்ற ஏழடுக்குக் கோபுரமே. அடித்தளம் சீனப் பாங்கில் எண்கோணமாகவும், நடுப்பகுதி தாய்லாந்துப் பாங்கிலும், முடி பர்மியப் பாங்கிலும் அமைந்த அக்கோபுரம், மூன்று நாட்டார் தத்தம் மொழியில் ஒரே சூத்திரத்திற்கு எழுதிய உரையைப் போன்றது. அக்கோயிலை 1890-களில் தொடங்கிவைத்த தலைமைத் துறவி பியோ லியன், பூச்சோவ் நகரையடுத்த குஷான் மடத்திலிருந்து வந்தவர். நம் யோங் பெங் கடைத்தெருவில் நாம் அன்றாடம் காணும் பூச்சோவ் மக்களின் பூர்வீகப் பகுதி அது. மாணவர் 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து பார்த்தது ஒருவகையில் தம் அடுத்த வீட்டாரின் கோயிலையே.

அடுத்த வீட்டார் கோயிலுக்கு நாம் கடன்பட்டவர்களா, அவர்கள் நமக்கா என்ற கணக்கும் சுவையானது. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சைலேந்திர மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுத்தான். அதற்கு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். 8900 கலத்திற்கு மேற்பட்ட நெல் அது. வாய்மொழியாய்ப் பிறந்த அவ்வாணையைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவன் அவன் மகன் இராசேந்திரன். அதே இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின்மேல் கப்பற்படை செலுத்தினான் என்பதை நம் பாடநூல்கள் முழக்கமிட்டுச் சொல்கின்றன. செப்பேட்டை எழுதுவித்த கை எது என்பதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகின்றது. நம்மவருள் பலர் சூடாமணி விகாரத்தை அறிந்தது கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாயிலாக. அந்நாவலில் அருண்மொழிவர்மன் இளவரசனாய் இருக்கும்போதே விகாரம் நிற்கின்றது. செப்பேட்டின்படியோ, அவன் அரசனாகி இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே அதற்கு ஊர் அளிக்கப்பெற்றது. கதையாசிரியருக்கு அவ்வுரிமை உண்டு. மலேசியத் தமிழ் வாசகன் அதனை இங்கிருந்து சென்ற கொடையென உணராமற் போவதுதான் வருத்தம்.

நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற செங்கற் கோபுரம் ஒன்று 1867-இல் அரசின் இசைவுடன் இடிக்கப்பெற்றது. 1856 முதல் அங்கு மண்ணிலிருந்து வெளிப்பட்ட ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்களுள் அவலோகிதர் உருவங்களும் உள்ளன. பல சாணளவேயுடையவை; வணங்கியவர் கையிலேந்திச் செல்லத்தக்கவை. அச்சிற்றுருவையும் ஆயர் ஈத்தாம் பேருருவையும் அருகருகே எண்ணிப் பார்த்தால், 'பிரம்மாண்டம்' என்ற சொல் எவ்வளவு சிறிதாகிவிடுகின்றது!

இன்னும் ஒன்று. நம் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையின் நடுவே சிலை இல்லை. மணிபல்லவத் தீவில் காப்பியத் தலைவி காண்பது ஆளில்லா இருக்கை, புத்தரின் பாதபீடிகை. அதனைத் தொழுதபோதே அவளுக்குப் பழம்பிறப்பு விளங்குகின்றது. அவள் கையில் வந்து சேரும் அமுதசுரபியும் பசித்தவர்க்கு உணவாக மட்டுமே சுரக்கின்றது. அவள் சாவகம் சென்று புண்ணியராசனைக் காண்பதையும் சாத்தனார் பாடியுள்ளார். தென்கிழக்காசியத் தீவுகளைத் தமிழ்க் காப்பியம் அன்றே தொட்டுவிட்டது. 1898-இல் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பிக்கையில், பௌத்தச் சொற்களின் பொருளறிய அவர் பட்டபாடு கொஞ்சமன்று. கேட்டறிவதற்குத் தமிழகத்தில் பௌத்தர் இல்லை. நமக்கோ பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கின்றனர்.

அம்மாணவன் தன் கட்டுரையை இரண்டாம் முறை எழுதித் தந்தான். 30.2 மீட்டர் அதில் இல்லை. சிலையின் கண் செல்லும் வழியே கீழே நோக்கி, ஆயர் ஈத்தாம் கடைவீதியையும், மழைக்கு ஒதுங்கி நின்ற பழ வணிகரையும், படிக்கட்டில் மூச்சு வாங்க அமர்ந்திருந்த தன் ஆசிரியரையும் எழுதியிருந்தான். அகத்தியர் ஒரு வரியில் வந்து போனார். ஒற்றுப்பிழைகள் நான்கு இருந்தன.