பெயரும் பொருளும்: ஐக்கிய தேசியக் கட்சியின் சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு

அரசியற் கட்சியொன்றினை அதன் விஞ்ஞாபனத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் தவறு. அதனைப் படியாமலே ஒதுக்கிவிடுதலும் தவறே. இலக்கியத்தைப் போன்றே அரசியற் சொல்லும் வர்க்க நலனை ஒருங்கே வெளிப்படுத்தவும் மறைக்கவும் வல்லது. ஐக்கிய தேசியக் கட்சியின் சொற்கள் சிலவற்றை இந்நோக்கில் நாம் ஆராயலாம்.

1946 இல் டி. எஸ். சேனநாயக்காவின் தலைமையில் உருவான இக்கட்சியின் 'ஐக்கியம்', அடிப்படையில் உடைமை வர்க்கத்தினரின் ஐக்கியமாகும். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1953 இல் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர்; பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1956 தேர்தலிற் கட்சிக்குக் கிடைத்தவை எட்டு ஆசனங்களே.

1977 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா 'தர்மிஷ்ட சமுதாயம்' என்ற முழக்கத்துடன் 168 ஆசனங்களில் 140 ஐக் கைப்பற்றினார். 1980 யூலை வேலைநிறுத்தத்திற் பங்குபற்றிய ஏறத்தாழ 40,000 தொழிலாளர் வேலையிழந்தனர். 1982 இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது. 1983 யூலையில் தமிழ் மக்கள்மீது நிகழ்ந்த வன்செயலும் இவ்வாட்சியிலேதான். தர்மத்தின் பொருளை இந்நிகழ்ச்சிகளே உரைத்தன.

ஆயின் அம்முழக்கத்தை மக்கள் ஏன் நம்பினர்? இவ்வினாவை முற்போக்காளராகிய நாம் போதியளவு எழுப்பினோமல்லோம். இடதுசாரிகளும் பங்கேற்ற முன்னைய அரசின் காலத்திற் பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்றோரின் கசப்பு மெய்யானது. அதேவேளை, அவ்வரசின் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் தழைத்தனர். திறந்த பொருளாதாரம் அவர்களது சந்தையைப் பறித்தது. ஒரே கொள்கை ஒருவர்க்குப் பஞ்சமாகவும் இன்னொருவர்க்கு வாழ்வாகவும் அமைந்தது. இம்முரண்பாட்டை விளக்காத விமர்சனம் வெறும் ஏளனமாகவே முடியும்.

1994 இல் ஆட்சிக்கு வந்தோரும் திறந்த பொருளாதாரத்தைக் கைவிடவில்லை; அதற்கு 'மனித முகம்' வேண்டுமென்றனர். 2020 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி தேசியப் பட்டியல்வழி ஓர் ஆசனத்தையே பெற்றது. எனினும் அதன் தலைவர் ரணில் விக்கிரமசிங்க 2022 இல் சனாதிபதியானார். கட்சி தேய்ந்தும் அதன் பொருளாதாரக் கருத்துநிலை தேயவில்லை. எனவே தேர்தல் தோல்வியை அக்கருத்துநிலையின் தோல்வியாகக் கருதி நாம் ஆறுதலடைதல் இயலாது.