நெஞ்சொடு கிளத்தலும் நெஞ்சுநோவும்

நெஞ்சை விளித்துப் பேசுதல் தமிழிலக்கியத்தின் தொன்மையான மரபு. வள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். கொரோனாக் காலத்தில் எழுந்த நம் கவிதைகளும் கதைகளும் இம்மரபைக் கைவிடவில்லை. தனிமையையும் முகக்கவசத்தையும் வெறிச்சோடிய வீதியையும் நெஞ்சிடம் சொல்லிச் சொல்லி உருகின. ஆனால், அந்த நெஞ்சு மெய்யாகவே நொந்தபோது மனிதன் என்ன செய்தான் என்னும் வினாவை நாம் படித்தவற்றுட் பெரும்பாலானவை எழுப்பவில்லை. இதனைப் பெருங்குறை என்றே நாம் கருதுகிறோம்.

2020 மார்ச் 20 மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. யாழ் மாவட்டத்தில் அது வாரக்கணக்கில் நீடித்தது. நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சு நொந்தால், படகேறிக் குறிகட்டுவானை அடைந்து, புங்குடுதீவையும் எமது வேலணையையும் கடந்து, பண்ணை வழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். மாரடைப்பிலோ தாமதிக்குந்தோறும் இதயத் தசை மாண்டுகொண்டிருக்கும். சாதாரண நாளிலேயே நீண்ட இவ்வழி, ஊரடங்கும் தொற்றச்சமும் சேர்ந்த நாளில் எத்துணை நீண்டிருக்கும்! 'வாய்வாக இருக்கும், விடியட்டும்' என்று கிடப்பது அறியாமை மட்டுமன்று, வேறு வழியின்மையுமாகும். கிளினிக் நோயாளருக்கு அரசு தபால் மூலம் மருந்து அனுப்பியமை பாராட்டுக்குரியது. ஆயினும், ஈ.சீ.ஜி. பரிசோதனை தபாலில் வருவதில்லை.

இது தீவகத்தின் துயர் மட்டுமன்று. இங்கிலாந்தில் 2020 மார்ச் இறுதியளவில் மாரடைப்பு முதலியவற்றுக்காக வைத்தியசாலைகளில் சேர்ந்தோர் தொகை ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது. 108 நாடுகளில் நிகழ்ந்த ஓர் ஆய்வின்படி, இதய நோயை இனங்காணும் பரிசோதனைகள் 2019 மார்ச்சுடன் ஒப்பிடுகையில் 2020 ஏப்ரலில் 64 வீதம் வீழ்ந்தன. வறிய நாடுகளிலேயே இவ்வீழ்ச்சி மிகுதி. நோயா குறைந்தது? நோயாளர் வரவு குறைந்தது.

பெருந்தொற்று ஏழை, பணக்காரன் என்ற பேதம் அறியாது என எழுதியோர் பலர். கிருமி அறியாதிருக்கலாம், கடலும் வீதியும் வாகனக் கூலியும் நன்கறியும். இந்த உண்மையைத் தொடாத அனுதாபம், எத்துணை அழகிய சொற்களில் வந்தாலும், மக்களைத் தொடாது.

வந்த நோயாளியை வைத்தியசாலைப் பதிவேடு எண்ணும். வராது வீட்டிலேயே மாண்டவரையும், பிந்தி வந்து உயிர்தப்பி, நலிந்த இதயத்தோடு மீண்டும் வலை இழுக்கக் கடலுக்குப் போகிறவரையும் எழுத்தாளனே தேடிச் செல்லல் வேண்டும். சிகிச்சை மனிதனுக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது சமுதாயப் பிரச்சினை. ஆகவே அது இலக்கியப் பிரச்சினையுமாகும்.