பீட்டரின் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார்?

'சர்வம் தாளமயம்' பார்த்து முடித்த இரவு எங்க அப்பா ஒரே ஒரு விமர்சனம்தான் சொன்னார். "ஆரம்பத்துல அந்தத் தோல் வேலையைக் காட்டுனாங்கள்ல, அதையே இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம்." சொல்லிவிட்டு லைட்டை அணைத்துப் படுத்துவிட்டார். நான் மட்டும் ரொம்ப நேரம் தூங்கவில்லை. ஆனால் அதற்குக் காரணம் அவர் சொன்னது இல்லை, பீட்டர். அந்த மாதம்தான் மஹிந்திரா சிட்டியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டே குறும்படம் எடுப்பது என்று முடிவெடுத்திருந்தேன். எனக்கு ஒரு பீட்டர் தேவைப்பட்டான்.

படம் 2019 பிப்ரவரியில் வந்தது. ராஜீவ் மேனன் நீண்ட இடைவெளிக்குப் பிறகு இயக்கியது. பீட்டர் (ஜி.வி. பிரகாஷ்) விஜய் ரசிகன், ஊர் சுற்றுகிறவன். அப்பா ஜான்சன் (குமரவேல்) மிருதங்கம் செய்பவர். மிருதங்கத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போன இடத்தில் வேம்பு ஐயர் (நெடுமுடி வேணு) வாசிப்பதைக் கேட்டதும் பையன் மாறிவிடுகிறான். கற்றே தீர வேண்டும் என்கிறான். சாதி குறுக்கே நிற்கிறது, குருவின் மூத்த சீடன் குறுக்கே நிற்கிறான், டிவி ரியாலிட்டி ஷோ வருகிறது. எல்லாவற்றையும் தாண்டி ஜெயிக்கிறான்.

மோசமான படம் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொந்த ஊரில் சாதி எப்படி இயங்குகிறது என்று பீட்டர் தெரிந்துகொள்ளும் பகுதியில் ஒரு நேர்மை இருக்கிறது. நெடுமுடி வேணுவோ, கோபக்கார வாத்தியாரை மனுஷனாகவே வைத்திருக்கிறார். என் பிரச்சினை வேறு. இந்தப் படத்துக்குக் கலை என்பது வாசிப்பது மட்டும்தான். செய்வது பிழைப்பு. பீட்டர் முன்னேறுகிறான் என்றால் அப்பாவின் பட்டறையிலிருந்து விலகி மேடைக்குப் போகிறான் என்று அர்த்தம். அந்தப் பையனே பட்டறையில் உட்கார்ந்து, இதுவரை யாரும் கேட்டிராத ஒரு நாதத்தை ஒரு பலாக்கட்டையிலிருந்து வரவழைத்திருந்தால், அதற்கு நம்மிடம் கதை இருக்கிறதா? க்ளைமாக்ஸ் இருக்கிறதா? யார் கைதட்டுவார்கள்?

இந்தக் கேள்வி எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' கொடுத்தது. 2020 தொடக்கத்தில் வந்த புத்தகம், மிருதங்கம் செய்பவர்களின் வரலாறு. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் வெளியிடுவதாக இருந்தது. நூலின் ஒரு பகுதி பத்திரிகையில் வந்ததும் அரங்க அனுமதி திரும்பப் பெறப்பட்டது. விழா பிப்ரவரி 2ஆம் தேதி தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. எங்கள் லைனில் ஏறி கிண்டியில் இறங்கினால் பஸ்ஸில் போய்விடலாம். போகவில்லை. அன்றைக்கு ஒரு காதுகுத்து வீடியோ டெலிவரி.

மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். வலந்தலையில் தெரியும் கருப்பு வட்டம், கல்லுப் பொடியும் சோறும் கலந்து அடுக்கடுக்காக ஏற்றித் தேய்த்துக் கொண்டுவருவது. எந்த அடுக்கில் நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும், அளவுகோல் கிடையாது. அந்தக் காது பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்களுடையது. பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து என்ற பெயரை இந்தப் புத்தகத்துக்கு முன்னால் நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? வாசிப்பவர் "இன்னும் கொஞ்சம் இப்படி" என்கிறார். செய்பவர் தோலை மாற்றிப் பார்க்கிறார், வாரை இழுத்துப் பார்க்கிறார், மறுபடி கொண்டுவருகிறார். கடைசியில் கிடைத்த நாதம் வாசிப்பவரின் பாணி ஆகிவிடுகிறது. செய்தவர் 'ரிப்பேர் பண்றவர்'.

புத்தகத்தின் மீதும் எனக்கு மனக்குறை உண்டு. சில இடங்களில் கிருஷ்ணாவின் குற்றவுணர்ச்சி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. செய்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் எழுத்தாளரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் 'சர்வம் தாளமயம்' பின்னணியாக வைத்திருந்ததை இந்தப் புத்தகம் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

இதெல்லாம் பழைய கர்நாடக சங்கீத விவகாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். அறிவை எடுத்துக்கொள்வோம். அரக்கோணத்துப் பையன், இன்ஜினியரிங் படித்தவன், 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் நின்றவன். 'பேஷனைத் துரத்து' கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டான். 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேட்ட பிறகு, சத்தம் எழுந்த பிறகு, டிஜிட்டல் அட்டையில் வந்தான். அடுத்த வருடம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவன் இல்லாமலேயே பாட்டு ஒலித்தது. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வீடியோ போட்டார். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. நான் கவனிப்பது ஒன்றைத்தான்: நம் கனவுக் கதைகள் எல்லாம் மேடை ஏறியதும் முடிந்துவிடுகின்றன. சம்பளம், பெயர், ஒப்பந்தம் எல்லாம் ஆரம்பிப்பதே அதற்கப்புறம்தான்.

பீட்டரை நம்பி வேலையை விட்டவன் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் குறும்படத்துக்கு ஹீரோ, ஒளிப்பதிவு, இசை எல்லாவற்றுக்கும் பெயர் போட்டேன். கதாநாயகியின் இரண்டு ஜாக்கெட்டையும் ஒரு கோட்டையும் ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்துக் கொடுத்தவர் எங்க அப்பா. சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் ரோட்டில் இருபத்தாறு வருடமாகக் கடை வைத்திருப்பவர். டைட்டிலில் அவர் பெயர் இல்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். தோன்றவே இல்லை.

ஆளை நிற்கவைத்து ஒருமுறை பார்த்தால், டேப் போடாமலே தோள் எவ்வளவு இறக்கம் என்று சொல்லிவிடுவார். ஒரு தோள் தாழ்ந்திருக்கும் ஆளுக்கு அது வெளியே தெரியாதபடி சட்டை தைப்பார், அந்த ஆளுக்கே தெரியாது. இதற்குக் கலை என்று பெயர் வைக்க எனக்கு ஒரு மிருதங்கப் புத்தகம் தேவைப்பட்டிருக்கிறது. ராஜீவ் மேனனை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

இன்னொன்றும் உண்டு. கலை என்று பெயர் வைத்துவிட்டதாலேயே கடை வாடகை குறையாது. ரெடிமேட் கடைகள் வந்தபிறகு அவருக்கு வருவதெல்லாம் ஆல்ட்ரேஷனும் ஸ்கூல் யூனிஃபார்மும்தான். கடையை நீ எடுத்து நடத்து என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். பீட்டர் பட்டறையை விட்டுப் போனதும் ஒருவேளை இதே மாதிரி ஒரு மாட்டேன்தானோ? அந்த இடத்தில் என் விமர்சனம் கொஞ்சம் தடுமாறுகிறது. தடுமாறட்டும், மறைக்க விருப்பமில்லை.

போன வாரம் கடைக்குப் போய், "ப்பா, நீங்க தைக்கிறதை முழுசா ஒரு நாள் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். காஜா எடுத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"நாளைக்கு வா. மெஷின் பெல்ட் லூசா இருக்கு, மாத்திடுறேன். இல்லேன்னா உன் மைக்குல அந்தச் சத்தம்தான் கேக்கும்."