மௌன ராகத்தில் நடக்காத பிரிவு

‘கொஞ்ச நாள் பிரிஞ்சு இருந்து பார்க்கலாமா’ என்று யோசிக்கிற தம்பதியிடம் யாராவது ஒருவர் ‘மௌன ராகம்’ பார்க்கச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கும் ரொம்பப் பிடித்த படம்தான். ஆனால் அதில் அவர்கள் பிரிவதே இல்லையே!

1986இல் வந்த மணிரத்னம் படம். அப்பாவின் உடம்புக்குப் பயந்து கல்யாணத்துக்குச் சம்மதித்த திவ்யா டெல்லிக்கு வருகிறாள். என்ன பரிசு வேண்டும் என்று கேட்கிற சந்திரகுமாரிடம் விவாகரத்து கேட்கிறாள். கல்யாணமாகி ஒரு வருஷமாவது ஆகணும் என்கிறார் வக்கீல். இது கதை வசதிக்காகப் போட்ட முடிச்சு இல்லை, இந்து திருமணச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. ஆக, அந்தக் காத்திருப்பு இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவே அல்ல. சட்டம் வைத்த கெடு.

அந்தக் காலத்தை ஒரே வீட்டில் கழிக்கிறார்கள். பி.சி. ஸ்ரீராமின் அரையிருட்டில் அது இரண்டு குடித்தனங்கள் இருக்கிற வீடு மாதிரித் தெரிகிறது. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே தம்பதி ‘பிரிந்து வாழ’ முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் ஒரு தீர்ப்பில் சொன்னது. படம் அதை ஐந்து வருஷம் முன்னாலேயே காட்டிவிட்டது. படத்தின் சிறந்த பகுதியும் இதுதான். அவன் கணவனாக உரிமை கோருவதை நிறுத்திய பிறகுதான் அவளால் அவனை ஒரு மனுஷனாகப் பார்க்க முடிகிறது. தொழிலாளர்கள் தாக்கி அவன் படுத்ததும் அவள் பணிவிடை செய்வது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மனைவியின் பழைய கடமையே காதல் வேஷத்தில் திரும்பி வருகிறது.

கடைசியில் அவளை ஊருக்கு அனுப்பி வைக்க அவனே ஏற்பாடு செய்கிறான். அதாவது, நிஜப் பிரிவு அப்போதுதான் தொடங்க வேண்டும். ஆனால் அவள் விவாகரத்துக் காகிதத்தைக் கிழிக்கிறாள், அவன் ஓடி வந்து ரயிலேறிச் சங்கிலியை இழுக்கிறான். தியேட்டரில் நிம்மதிப் பெருமூச்சு.

நம்மிடம் பிரிவுக்குப் பழக்கம் இல்லாமல் இல்லை. ஆடி மாசம் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புகிறோம். சண்டை போட்டால் அவளே கோவிச்சுக்கிட்டுப் போகிறாள். இரண்டிலும் பெட்டியைத் தூக்குவது அவள்தான், எப்போது திரும்பணும் என்று முடிவு பண்ணுவது வேறு யாரோ.

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆன தோழி ஒருத்தி மூணு மாசம் தனி வீடு எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். வாடகை, பிள்ளையை யார் எந்த நாள் பார்ப்பது எல்லாம் பேசியாச்சு. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “நான் திரும்பி வரலைன்னாலும் அதுவும் ஒரு பதில்தான்னு அவன் ஒத்துக்குவானா?” ஒத்துக்கொண்டால் போய்ப் பார் என்றேன். இல்லையென்றால் அது இன்னொரு ஆடி மாசம்.

திவ்யாவுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க அவகாசமே கிடைக்கவில்லை. சென்னையில் ஒரு மாசம் இருந்திருந்தால், அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சந்திரகுமாரை நினைத்திருப்பாளா, மனோகரை நினைத்திருப்பாளா, இல்லை பாதியில் விட்ட தன் வாழ்க்கையையா? படம் அதற்கு முன்பே ரயிலை நிறுத்திவிட்டது.